பச்சை நடைவண்டி

22.1.2024, திங்கட்கிழமை (தை 8)

சம்பந்தி குற்றாலிங்கம் இன்று காலை 9.40க்கு வந்து சேர்ந்தார். வருவதாகச் சொன்ன நேரம் 8.30. தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டைக்கு வரும் வழியில் எழுபது நிமிடம் எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கையில் ஒரு தோல்பையும் ஒரு பெட்டி மக்ரூனும் இருந்தன.

பேரன் சேந்தனுக்குக் காதுகுத்து பிப்ரவரி 21, புதன்கிழமை, மாசி 9. சரியாக முப்பது நாள் இருக்கிறது. மகள் கோமதி குழந்தையுடன் பத்து நாளைக்கு முன்பே வந்துவிட்டாள். மருமகன் மஸ்கட்டில் வேலையாக இருக்கிறார். விழாவுக்கு விடுப்பு இல்லை. மனைவியை இழந்தவர் தூத்துக்குடியில் தனியாக எதற்கு என்று என் மனைவி தெய்வானைதான் சம்பந்தியை அழைத்தாள். ஒரு மாதம். சம்பந்தி வீட்டில் மூன்று இரவுக்கு மேல் தங்குதல் முறையன்று என்பது என் தகப்பனாரின் கொள்கை.

குழந்தைக்கு இன்றோடு பத்து மாதமும் பதினெட்டு நாளும். இந்தப் பத்து நாளில் நான் கை நீட்டியபோதெல்லாம் தாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டவன், சம்பந்தி படியேறியதும் "தா, தா" என்று பாய்ந்தான். அவர் வீட்டில் வளர்ந்த பிள்ளை, இயல்புதான். வருத்தத்தோடு இதை எழுதவில்லை. பதிவுக்காக எழுதுகிறேன்.

24.1.2024, புதன்கிழமை

விழாவுக்கு முன் கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுவதாக ஏற்பாடு. பெயிண்டர் இசக்கிமுத்து தேய்க்கும் மிஷினோடு 8.00க்கு வந்தார். நேரம் தவறாத மனிதர். மின்சாரத்தில் செருகி முதல் கதவில் வைக்கப் போகும்போது, சம்பந்தி குழந்தையைத் தோளில் போட்டபடி வந்து சுவிட்சை அணைத்தார்.

"வேண்டாம் தம்பி. இந்தக் கதவு எத்தனை வருசத்துக் கதவு?"

கேள்வி இசக்கிமுத்துவிடம். வீட்டுக்காரன் நான் பக்கத்தில் நிற்கிறேன். நானே பதில் சொன்னேன். வீடு 1962இல் கட்டியது. அந்த ஆண்டு மஞ்சள், 1971இல் சாம்பல் நிறம், 8.3.1990 அன்று பச்சை; 2004இல் இப்போதுள்ள காப்பி நிறம். கதவின் மேல்விளிம்பில் பென்சிலால் குறித்தும் வைத்திருக்கிறேன். முப்பத்தாறு ஆண்டு பத்திரப்பதிவுத் துறையில் இருந்து சார்பதிவாளராக ஓய்வு பெற்றவன் (31.5.2007). என்னிடம் தேதி கேட்டு இல்லையென்று போனவர் கிடையாது.

"அப்பம் நிச்சயமா அடியில காரீயம் இருக்கும் அண்ணாச்சி," என்றார் சம்பந்தி. "கப்பல் பட்டறையில முப்பத்தோரு வருசம் பாத்திருக்கேன். பழைய பெயிண்ட தேச்சா பொடி பறக்கும். பெரியாளுக்கே கெடுதி. தவழுத பிள்ளை கையில ஒட்டி வாய்க்குள்ள போச்சுன்னா மூளைக்குப் போயிரும். சோதிச்சுப் பாக்காம தேய்க்கப்பிடாது."

"நம்ம வீட்ல ஈயச் சொம்புலதான் ரசம் வைக்கோம்," என்றேன். "என் அம்மா எம்பத்தொன்பது வயசு வரைக்கும் இருந்தாவ."

"அது வெள்ளீயம் அண்ணாச்சி. இது வேற சாதனம்."

தெய்வானை அடுக்களையிலிருந்து, "சம்பந்தி சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள். நாற்பத்தேழு ஆண்டு இல்லறத்தில் இந்த வாக்கியத்தில் என் பெயரை வைத்து அவள் சொன்னதில்லை. இசக்கிமுத்துவும், "பெரியவுக சொன்னா கேட்டுக்கிடுதேன்," என்று மிஷினைச் சுருட்டினார். சம்பந்தியைவிட நான் ஐந்து வயது பெரியவன்.

25.1.2024, வியாழக்கிழமை

தைப்பூசம். சம்பந்தி குழந்தையைத் தோளில் வைத்து ஆற்றுக்குக் கொண்டுபோனார். நான் குழாய்க்கு வாஷர் மாற்றினேன்.

27.1.2024, சனிக்கிழமை

சம்பந்தி மூன்று கதவுகளிலிருந்து பிளேடால் சுரண்டி மாதிரி எடுத்தார். மேல்வர்ணம் மட்டும் போதாதாம். மரம் தெரியுமட்டும் எல்லாப் பூச்சும் வரவேண்டுமாம். அதற்கு அவர் செய்த ஆர்ப்பாட்டத்தைக் குறித்து வைக்கிறேன்: குழந்தையைக் கோமதியோடு மாடிக்கு அனுப்பினார். மின்விசிறியை நிறுத்தினார். தரையில் நனைத்த துணி விரித்தார். சுரண்டும் இடத்தில் தண்ணீர் தெளித்தார். முடிந்ததும் சட்டையை வாளியில் ஊறப்போட்டு, தலைக்குக் குளித்து, வேறு சட்டை போட்ட பிறகே குழந்தையைத் தூக்கினார். நகத்தளவு மூன்று சில்லுகளுக்கு இத்தனை நாடகம். தெய்வானை வியந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில்லுகள் தனித்தனி உறையில் மதுரைச் சோதனைக்கூடம் ஒன்றுக்குக் கூரியரில் சென்றன. உறைகளின்மேல் அவர் தேதி எழுத மறந்துவிட்டார். நான் எழுதினேன்.

முடிவு வரும்வரை வீட்டில் எந்தப் பழைய வர்ணத்தையும் யாரும் தொடக்கூடாது என்பது அவர் உத்தரவு.

2.2.2024, வெள்ளிக்கிழமை

காதுகுத்து தாய்மாமன் மடியில் நடக்கவேண்டும். கோமதிக்கு உடன்பிறந்தான் இல்லை. ஆகவே தாய்வழிப் பாட்டனாகிய என் மடி. இது பிள்ளை பிறந்த 4.3.2023 அன்றே என் மனத்தில் முடிவான செய்தி. இன்று இரவு உணவின்போது கோமதி தொடங்கினாள்.

"அப்பா, ஒண்ணு சொன்னா கோவிக்கப்பிடாது. அன்னைக்கு அவனை மாமா மடியில வச்சுக்கிடட்டுமே. உங்ககிட்ட வந்தா கத்துதான். காதுல ஊசி போகும்போது தலைய ஆட்டிட்டான்னா?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லா," என்றேன்.

"முறை இருக்கு. உக்கார மடியும் இருக்கு. பிள்ளை வந்து உக்காரணும்லா," என்றாள் தெய்வானை.

சம்பந்தி இலையைப் பார்த்தபடி, "அண்ணாச்சி மடிதான். அதுல பேச்சே கிடையாது. இன்னும் பத்தொன்பது நாள் இருக்கு, பழகிருவான்," என்றார். பெருந்தன்மை. எனக்கு உரியதை எனக்கே தானமாகத் தருகிறார். மோர் வேண்டாமென்று எழுந்துவிட்டேன்.

4.2.2024, ஞாயிற்றுக்கிழமை

சம்பந்தி ஒரு திருமணத்திற்காகத் தூத்துக்குடி சென்றார். செவ்வாய் மாலை திரும்புவார். வீடு அமைதி.

பரணில் வேறொன்றைத் தேடியபோது கோமதியின் நடைவண்டி கண்ணில் பட்டது. மூன்று சக்கரம், பிடித்து நடக்கக் குறுக்குச் சட்டம், தேக்கு. யாரிடமும் சொல்லாமல் என் அறைக்கு இறக்கிவிட்டேன். சேந்தன் அதைப் பிடித்து நடக்கக் கற்று, விழாவன்று அத்தனை பேர் முன்னிலையிலும் என் அறையிலிருந்து தானாக நடந்து வந்து என் மடியில் அமர்ந்தால், அதன்பின் யாரும் பேச ஒன்றும் இராது.

5.2.2024, திங்கட்கிழமை (தை 22)

இந்நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தெய்வானையும் கோமதியும் பட்டு எடுக்க டவுணுக்குச் சென்றனர். 10.20 முதல் 12.15 வரை குழந்தை என் பொறுப்பு. "ரெண்டு பேரும் சேந்து அழாம இருங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள் தெய்வானை. பத்து நிமிடம் அழுதான். நான் என் அறையில் கதவைச் சாத்தி அமர்ந்து வண்டியைத் துடைத்துச் சீர் செய்துகொண்டிருந்தேன். 'சர், சர்' என்ற அந்தச் சத்தம் அவனுக்குப் பிடித்துவிட்டது. அழுகையை நிறுத்தினான். தவழ்ந்து வந்தான். என் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்றான். நான் அழைக்கவில்லை. தானாக வந்தான்.

அருகிலேயே உட்கார்ந்து தரையைக் கையால் அளைந்துகொண்டிருந்தான். நான் வண்டியை ஊதினால் அவனும் ஊதினான். மூக்கு நுனியில் பச்சையாக ஒரு பொட்டு. சிரித்தான். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தது இதுவே முதல்முறை, நேரம் 11.05.

குறுக்குச் சட்டத்திற்கும் சக்கரங்களுக்கும் தேங்காய் எண்ணெய் தடவினேன். சத்தமே இல்லை. பெண்கள் வருவதற்குள் அறையைக் கூட்டி, அவன் முகத்தைத் துடைத்துவிட்டேன். வண்டி பீரோவுக்குப் பின்னால்.

சம்பந்தியின் தடை கதவு ஜன்னல்களைப் பற்றியது.

6.2.2024, செவ்வாய்க்கிழமை

மாலை 5.30க்குச் சம்பந்தி வந்தார். குழந்தை அவரிடம் போனான். ஆனால் ஏழு நிமிடத்தில் இறங்கி என் அறையை நோக்கித் தவழ்ந்தான். சம்பந்தி கையில் மக்ரூனோடு நின்றார்.

7.2.2024, புதன்கிழமை

பிற்பகல் 2.00 முதல் 3.30 வரை சம்பந்தி உறங்குகிறார். அந்நேரம் எங்கள் நேரம். இன்று ஆறு அடி நடந்தான். சட்டத்தைப் பிடிப்பதோடு பல்லாலும் கவ்விக்கொள்கிறான். இரண்டு பல்தான், அதற்கே அத்தனை உறுதி.

"தாத்தாவும் பேரனும் கதவ சாத்திக்கிட்டு என்ன ரகசியம் பேசுதிய?" என்றாள் கோமதி. அவள் குரலில் மகிழ்ச்சி இருந்தது.

9.2.2024, வெள்ளிக்கிழமை

தை அமாவாசை. ஆற்றில் தகப்பனாருக்குத் தர்ப்பணம். திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குழந்தை "தா" என்றான். சம்பந்தியின் மடியில் இருந்துகொண்டு என்னைப் பார்த்துச் சொன்னான். அவரும் கேட்டார். "என்ன மருந்து வச்சிய அண்ணாச்சி?" என்று சிரித்தார். சிரிப்பு கண்வரை போகவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

12.2.2024, திங்கட்கிழமை

சோதனை முடிவு சம்பந்தியின் கைபேசிக்குக் காலை 11.00க்கு வந்தது. வீட்டு வர்ணத்தில் காரீயம் இவ்வளவுதான் இருக்கலாம் என்ற வரம்பு பத்து லட்சத்தில் தொண்ணூறு பங்கு. எங்கள் கதவுகளில் பன்னிரண்டாயிரத்து நானூறு, ஒன்றில் பதினைந்தாயிரம்.

இசக்கிமுத்துவுக்கு ஆள் அனுப்பினார். கதவுகளைத் தேய்க்காமல், அப்படியே மூடிப் பூசிவிடலாமாம். உதிரும் இடங்களை மட்டும் ஈரத்தோடு எடுக்கவேண்டும். "எதுக்கும் பிள்ளைக்கு ஒரு ரத்தச் சோதனை பாத்துருவோம்," என்றார். "நாம ஒண்ணையும் தேய்க்கல, ஒண்ணும் இருக்காது. மன நிம்மதிக்குத்தான்."

பிற்பகல் என் 1990ஆம் ஆண்டுக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன்.

வண்டியைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் ஏற்றினேன். 2.00 மணிக்குக் குழந்தை என் அறைக் கதவைத் தட்டினான். வெகுநேரம் தட்டினான்.

13.2.2024, செவ்வாய்க்கிழமை (மாசி 1)

ரத்தம் எடுத்தார்கள். இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. நான் பிடிக்கவில்லை.

15.2.2024, வியாழக்கிழமை

பதினான்கு.

ரத்தத்தில் காரீயம் மூன்றரைக்குக் கீழே இருக்கவேண்டுமாம். மருத்துவர் இளம்பெண், குரல் உயர்த்தாமல் பேசினார். "மருந்து குடுக்குற அளவு இல்ல. பயப்படாதீங்க. ஆனா இது எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்தணும். அதுதான் வைத்தியமே. வீட்டுல எங்கயாவது பழைய பெயிண்ட தேச்சீங்களா? எந்தத் தேதியிலேர்ந்து?"

தேதி. அறையில் நால்வர் இருந்தோம்.

"ஒண்ணுமே தேய்க்கலியே டாக்டர்," என்றாள் கோமதி.

சம்பந்தி எழுந்து நின்றார், வகுப்பில் தவறு செய்த மாணவனைப் போல. "நாந்தான். போன மாசம் இருபத்தேழாந்தேதி பிளேடு வச்சு சுரண்டினேன். தண்ணி தெளிச்சுத்தான் செஞ்சேன். ஆனா என் சட்டையில ஒட்டியிருக்கும். அந்தக் கையோடதான் பிள்ளைய தூக்கியிருப்பேன். எல்லாந் தெரிஞ்சவன்னு பேசிட்டு, நானே பிள்ளைக்கு விசத்த ஊட்டிட்டேன்."

நான் எனக்குப் பக்கத்திலிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பியதும் 27.1 குறிப்பைப் புரட்டினேன். சட்டையை ஊறப்போட்டார், தலைக்குக் குளித்தார், வேறு சட்டை போட்டார். என் கையெழுத்து.

இரவு ரசம் நன்றாக இருந்தது.

16.2.2024, வெள்ளிக்கிழமை

சம்பந்தி குழந்தையைத் தொடுவதில்லை. பிள்ளை கை நீட்டினால் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். கோமதி அவருக்குக் காபியை மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் போகிறாள். தெய்வானை, "சம்பந்தி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பதை நேற்றிலிருந்து சொல்லவில்லை.

மாலையில் என் அறைக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"அண்ணாச்சி, நான் நாளைக்கு ஊருக்குப் போறேன். காதுகுத்துக்கு நிக்கல. நீங்க மடியில வச்சு நல்லபடியா நடத்துங்க. பிள்ளை இப்பம் உங்ககிட்டதான் ஒட்டிக்கிடுதான். எனக்கு அது சந்தோசந்தான்." பிறகு, "முதல்ல கொஞ்சம் பொறாமையா இருந்துச்சு. உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன," என்றார்.

பீரோவுக்குப் பின்னால் தரையின் மூலையில் ஒரு விரற்கடை பச்சைக் கோடு இன்னும் இருந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து தெரியாது.

மடி எனக்கு. பிள்ளை எனக்கு. வீடும் நாளை எனக்கே திரும்பிவிடும். நான் விரும்பிய அனைத்தும் முறைப்படி என் பெயருக்கு வந்து சேர்ந்தன.

17.2.2024, சனிக்கிழமை (மாசி 5)

பதிவான பத்திரத்தில் பிழை இருந்தால் அடிக்கவோ சுரண்டவோ கூடாது. பிழைத்திருத்தல் பத்திரம் என்று தனியாக எழுதி, சம்பந்தப்பட்டவர் முன்னிலையில் வாசித்து, ஒப்பமிட வேண்டும். ஆயிரக்கணக்கில் பதிந்திருக்கிறேன். எனக்காக ஒன்றும் எழுதியதில்லை.

'5.2.2024 தேதியிட்ட குறிப்பில், வண்டியைத் துடைத்துச் சீர் செய்தேன் என்று எழுதப்பட்டிருப்பது பிழை. உப்புத்தாள் கொண்டு உலர்ந்த நிலையில் ஒன்றேகால் மணி நேரம் தேய்த்தேன் என்று இருக்கவேண்டும். குழந்தை என் அருகில் இருந்தான். அறைக் கதவு சாத்தியிருந்தது, மின்விசிறி ஓடியது. பொடியை உலர்ந்த விளக்குமாற்றால் கூட்டினேன். அதன்பின் 6.2 முதல் 11.2 வரை ஆறு நாள் அவன் அச்சட்டத்தைக் கடித்தபடி நடந்தான். அவ்வண்டியின் வர்ணம் 8.3.1990 அன்று கதவுகளுக்குப் பூசிய அதே டப்பாவின் மிச்சம், 11.3.1990, ஞாயிறு அன்று என் கையால் பூசப்பட்டது. இது 12.2.2024 முதல் எனக்குத் தெரியும்.'

காலை 7.15க்குச் சம்பந்தி தோல்பையோடு கூடத்திற்கு வந்தபோது அனைவரையும் உட்காரச் சொல்லி வாசித்தேன். பரணிலிருந்து வண்டியை இறக்கி அதே வேட்டிச் சுற்றோடு முன்னால் வைத்தேன்.

கோமதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். தெய்வானை என்னைப் பார்த்த பார்வைக்குத் தமிழில் சொல் இருக்கும், நான் தேடவில்லை.

சம்பந்தி, "ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல அண்ணாச்சி," என்றார். "நீங்க எதுத்தாப்ல உக்காந்து ரசத்த ரெண்டாந்தடவ ஊத்திக்கிட்டிய."

"ஆமா," என்றேன்.

"எதுக்கு?"

எழுபத்து நான்கு வயதில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எளிதாக இல்லை. "அவன் உங்களப் பாத்து தா-ன்னான். என்னப் பாத்து அழுதான்," என்றேன்.

அவர் தோல்பையை நாற்காலியில் வைத்தார். சட்டைக் கையை மடித்தார். "விளக்குமாத்த தொடப்பிடாது. ரெண்டு வாளி தண்ணி, பழைய துணி. உங்க மெத்தை விரிப்பு எல்லாம் ஊறப்போடணும். நீங்க உள்ள வரவேண்டாம்," என்றார்.

என் அறையில் மண்டியிட்டு மூன்று முறை ஈரத்துணியால் துடைத்தார். 8.05 முதல் 10.50 வரை. வாசலில் நின்று வாளி மாற்றிக் கொடுத்தேன். மருத்துவருக்குத் தொலைபேசியில் தேதிகளைச் சொன்னேன். "இவ்வளவு சரியா யாரும் சொன்னதில்ல சார்," என்றார். பாராட்டு என்று அவர் நினைத்திருக்கக்கூடும்.

19.2.2024, திங்கட்கிழமை

கோமதி முதல்முறையாகப் பேசினாள். 1990 குறிப்பேட்டைக் கையில் வைத்திருந்தாள். 'கோமதி கைப்பிடியைக் கடித்துக்கொண்டே நடக்கிறாள்' என்று 14.3.1990 அன்று எழுதியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி.

"நானும் இதத் தின்னிருக்கேனா?"

"ஆமா."

"அதான் எனக்கு கணக்கு வரலையா?" என்றாள். குறிப்பேட்டை மூடிவிட்டு, "உங்ககிட்ட எத்தனை அடி வாங்கினேன் கணக்குக்கு," என்றாள்.

சிரித்துவிட்டுத்தான் சொன்னாள். ஆனால் பதிலுக்கு நிற்கவில்லை.

20.2.2024, செவ்வாய்க்கிழமை

கதவுகள் மூடிப் பூசப்பட்டன. நிறம் பாலாடை வெள்ளை. மேல்விளிம்பில் தேதி குறித்தேன். மறு ரத்தச் சோதனை 18.3.2024, திங்கள், காலை 7.30.

மடி சம்பந்தியுடையது என்று இரவு உணவில் அறிவித்தேன். அவர் மறுத்தார். "பதிவாயிட்டு," என்றேன்.

21.2.2024, புதன்கிழமை (மாசி 9)

காலை 8.10க்கு ஆசாரி உட்கார்ந்தார். சேந்தன் மொட்டைத் தலையும் சந்தனமுமாகச் சம்பந்தியின் மடியில் இருந்தான். நான் மூன்றாம் வரிசையில், தூணுக்கு அருகில். மாமன் மடி யாருடையது என்று கேட்ட உறவினர்களுக்கெல்லாம் தெய்வானை, "பிள்ளைக்கு யாருகிட்ட பயம் இல்லையோ அவுக மடி," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சரியான பதில். எனக்குக் கேட்கும்படி சொல்லியிருக்க வேண்டாம்.

சம்பந்தி அவன் தலையை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். 8.12க்கு வலது காது. ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு வீடு அதிர்ந்தது. இடது காது 8.14. ஆசாரி கையை எடுத்ததும் பிள்ளை தலையைத் திருப்பி, தன்னைப் பிடித்திருந்தவர் யாரென்று பார்த்தான். பார்த்துவிட்டு அவர் மார்பில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளினான். கூட்டத்தில் தேடினான். "தா" என்று என் பக்கம் கையை நீட்டினான்.

வழி விட்டார்கள். நான் போய் வாங்கிக்கொண்டேன். கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கண்ணீரும் சந்தனமும் என் புதுச்சட்டையில்.

வெறும் மடியோடு மணையில் இருந்த சம்பந்தி நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். சிரிக்க முயன்றார். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஜனவரி 22 முதல் சவரக் கண்ணாடியில் தினமும் பார்த்து வந்த முகம்.

உடனே அவரிடம் கொடுத்திருக்க வேண்டும்.

8.31க்குத்தான் கொடுத்தேன்.